எல் போர்டு வண்டிக்கு ஒரு டர்போ

என் மாப்பிள்ளை எந்தச் சாமான் வாங்கினாலும் அதை முதலில் என் கடைக் கவுண்டரில்தான் கொண்டுவந்து வைப்பார். அபிப்பிராயம் கேட்க அல்ல, பாராட்டு வாங்க. நான் பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கிறவன். அப்பாவும் அதே வியாபாரம். பெரியப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிரே கடை போட்டு அதே வியாபாரம். எங்கள் வீட்டில் குழந்தைக்கு மருந்து கொடுத்தால்கூட அது "கடைசியா எத்தனை ஸ்பூன்" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கும். இப்படிப்பட்டவன் பக்கத்து அறையில் இருக்கும்போது, வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்கமாட்டார். கேட்டால் வாங்க முடியாதே.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் வீட்டுக்காரர். தங்கை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஆபீஸ் என் கடைக்கு அடுத்த அறை: ஒரு மேஜை, ஒரு போன், சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த படம், பின்பக்கம் வண்டி திருப்பிப் பழக ஒரு மண் மைதானம். மாப்பிள்ளை அங்கே நிர்வாகம். அதாவது போன் அடித்தால் எடுப்பார். அடிக்காத நேரத்தில் அதே போனில் கார் வீடியோ பார்ப்பார். போன் அதிகம் அடிக்காத ஊராகப் பார்த்து அவருக்கு நிர்வாகம் வாய்த்திருக்கிறது.

ஸ்கூலுக்கு ஒரே ஒரு கார். தங்கையின் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்களிடம் இருக்கிற கார். சின்ன இஞ்சின், வெளுத்துப்போன நீலம், பக்கத்து சீட்டுக்காரர் மிதிக்க இன்னொரு பிரேக், இன்னொரு கிளட்ச். அந்தக் காரின் பெருமையே அது ஓடாது என்பதுதான். கற்றுக்கொள்ள வருகிறவர் பதறிப்போய் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாலும், அது கொஞ்சம் யோசித்து, பெருமூச்சு விட்டு, பிறகு மெதுவாகக் கிளம்பும். எத்தனை பேருடைய உயிரை அந்தச் சோம்பேறித்தனம் காப்பாற்றியிருக்கிறது என்று தங்கையைக் கேட்டால் சொல்வாள்.

மாப்பிள்ளைக்கு மட்டும் அது பிடிக்காது. "பிக்கப் இல்ல மச்சான். இழுவையே இல்ல. மிதிச்சா நின்னு போகுது" என்பார்.

அவர் மிதித்தால் நின்று போகும் என்பது உண்மை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளைக் கட்டிய அவரிடம் இன்றுவரை லைசென்ஸ் கிடையாது. டெஸ்டுக்குப் போன ஒவ்வொரு முறையும், இன்ஸ்பெக்டர் "போங்க" என்று சொன்னதும் இவர் கிளட்ச்சிலிருந்து காலைச் சுடுதண்ணீர் பட்ட மாதிரி எடுப்பார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிடும். இறங்கி வந்து இஞ்சினைக் குறை சொல்வார். இன்ஸ்பெக்டர் வேறு வேறு ஆள், கார் ஒன்றுதானே. அதனால் தப்பு காருடையது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. எல்லாத் தடவையும் போன இடது காலும் ஒன்றுதான் என்பதை மட்டும் அவர் அதில் சேர்க்கவில்லை.

அன்றைக்குக் கவுண்டரில் வைத்தது ஒரு பெரிய அட்டைப்பெட்டி. மேலே தீப்பிடித்து எரிகிற ஒரு காரின் படம். எரிவது வேகத்துக்கு அடையாளமாம்.

"டர்போ மச்சான். முழு கிட். பழைய இஞ்சினுக்குன்னே பண்ணது."

"எந்தப் பழைய இஞ்சினுக்கு?"

"எல்லாத்துக்கும். யூனிவர்சல்."

"எல்லாக் காலுக்கும் பொருந்துற செருப்பு எங்கயாவது பார்த்திருக்கீங்களா மாப்பிள்ளை?"

"பொறாமைப்படாதீங்க மச்சான்" என்றார், நான் என்னமோ அந்தச் செருப்புக்கு ஆசைப்பட்ட மாதிரி.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். நத்தை மாதிரி சுருண்ட இரண்டு இரும்புக் கூடுகள் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. இஞ்சின் விடுகிற சூடான புகை ஒரு கூட்டுக்குள் புகுந்து ஒரு சின்ன விசிறியைச் சுழற்றும். அதே தண்டில் மறுமுனையில் உள்ள விசிறி வெளிக்காற்றை அள்ளி இஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், சக்தி கூடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. டர்போவோடு பிறந்த இஞ்சின்கள் எத்தனையோ இருக்கின்றன, பிள்ளைகுட்டிகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போய் நல்லபடியாக வாழ்ந்து முடிகின்றன. அவற்றின் பிஸ்டன், ஆயில் பம்ப், தண்ணீர் ஓட்டம் எல்லாமே அதற்கென்று கணக்குப் பார்த்துப் போட்டவை. பாதி வயதைக் கடந்த இஞ்சினுக்குப் பெட்டியில் வந்த நுரையீரலை ஒட்டுகிற வேலைதான் எனக்கு ஒத்துவராது.

நான் விசிறித் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். புது சாமான், ஆனால் பால்பல் மாதிரி ஆடியது. இரண்டு இரும்புக்கு நடுவே கசியாமல் இருக்க வைக்கிற கேஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது. ரப்பர் குழாய்க்கு நல்ல சிவப்பு நிறம். பெட்டியில் தரமாக இருந்தது ஸ்டிக்கர்தான். பளபளவென்று, கையகலத்தில், விற்றவன் இரண்டு கொடுத்திருந்தான்.

"இதுக்கு ஆயில் மட்டும்தானா, சூடு ஆறத் தண்ணி லைன் இல்லையா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பழைய டெக்னாலஜி மச்சான்."

பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு சுற்றிச் சுற்றி என் பாக்கெட் பக்கம் வரும்.

கிட் விற்றவன் மறுநாள் நேரில் வந்தான். பொருத்துவதற்கு ஆலோசனை சொல்லவாம். விளம்பரத்தில் தன்னை "இஞ்சின் டாக்டர்" என்று போட்டுக்கொள்கிறவன். மாப்பிள்ளையும் டாக்டர், டாக்டர் என்றே கூப்பிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, ஸ்டியரிங் பொம்மை தொங்குகிற சாவிக்கொத்து.

"என் சொந்தக் கார்லயே இதைத்தான் போட்டிருக்கேன் சார். மேடு பள்ளம் எதுன்னே தெரியாது. பறக்கும்."

"எங்க நிறுத்தியிருக்கீங்க? பார்க்கலாமே" என்றேன். அவன் பஸ்ஸிலிருந்து இறங்கி, சட்டையை உதறிக்கொண்டு, எதிர்ச்சாரியில் நடந்து வந்ததைக் கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"சர்வீசுக்கு விட்டிருக்கேன்."

"அப்ப சரி. பறந்து களைச்சுப் போயிருக்கும்."

அவன் கோபப்படவில்லை. நல்ல விற்பனைக்காரன் கோபப்படமாட்டான். அதில் எனக்கு அவன்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. மாப்பிள்ளைதான் முகம் சிவந்து, "எங்க மச்சானுக்குப் பழைய சாமான்தான் தெரியும் டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்தபோது தங்கை ஊரில் இல்லை. பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்க வெளியூர் வகுப்புக்குப் போயிருந்தாள். திரும்பி வந்த மறுநாளே அவளுக்கு ஒரு பெரிய காரியம் காத்திருந்தது. வீட்டுக்கு வீடு போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற நர்சுகளை அனுப்பும் ஒரு நிறுவனம், தன் பெண்கள் எல்லோருக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு ஸ்கூல் தேடிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஸ்கூலில் புது வண்டிகள் உண்டு. தங்கையிடம் பொறுமை உண்டு. எது வேண்டும் என்று முடிவு செய்ய அவர்களுடைய தலைமை நர்ஸ் தானே வந்து ஒரு பாடம் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அந்த நர்சுகள் வந்தால் ஸ்கூல் நிமிரும். வராவிட்டால் அடுத்த மழைக்குள் போர்டைக் கழற்றிவிடலாம் என்று தங்கையே என்னிடம் சொல்லியிருந்தாள்.

தங்கைக்குப் போன் போட்டு டர்போ விஷயத்தைச் சொன்னேன்.

"வண்டியைத் தொட வேணாம்னு சொல்லுண்ணா. நான் வந்து பேசிக்கிறேன்."

சொல்லப் போனேன். மைதானத்தில் கார் இல்லை. மெக்கானிக் வந்து ஓட்டிப் போய்விட்டாராம். மாப்பிள்ளையே ஓட்டிப் போயிருந்தால் வாசலிலேயே நின்றிருக்கும், பிழைத்திருப்போம்.

அந்த மெக்கானிக்கை எனக்கு நன்றாகத் தெரியும். கெட்டவர் அல்ல; யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் மாட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான். தெருவில் கிடக்கிற அம்மிக்கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் எந்தப் பக்கம் போல்ட் என்றுதான் கேட்பார். இஞ்சின் அழுத்தம் தாங்காதென்று உள்ளே தடித்த கேஸ்கெட் போட்டார். ஆயில் திரும்பிவர, அடித்தொட்டியில் துளை போட்டார். காற்றைக் குளிரவைக்கிற சின்ன ரேடியேட்டரை முன்பம்பருக்குள் செருகினார். எல் போர்டுக்கு இடமில்லாமல் போக, அதைக் கம்பி கட்டித் தொங்கவிட்டார்.

வேலை முடித்துப் போகிற வழியில் ஒரு துருப்பிடித்த இரும்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். காரின் பழைய மேனிஃபோல்டு. இஞ்சினிலிருந்து புகையை சைலன்சருக்குக் கொண்டுபோகிற வார்ப்புக் குழாய். டர்போவுக்கு வேறு குழாய் வந்துவிட்டதால் இது மிச்சம். "உங்க மாப்பிள்ளை வேணாம்னுட்டார், இரும்புக்கடையில போடச் சொன்னார். நீங்க எடுத்துக்கிறீங்களா?"

ஓரத்தில் அப்பா வைத்த வெல்டிங் தழும்பு அப்படியே இருந்தது. இந்த மாடலுக்கு இன்றைக்கு இது எங்கே தேடினாலும் கிடைக்காது. அவர் கேட்டதைக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே சாமான் அது. மெக்கானிக் சந்தேகப்பட்டு இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

தங்கை வந்ததும் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். ஸ்டிக்கரைப் பார்த்தாள். கம்பியில் ஆடுகிற எல் போர்டைப் பார்த்தாள்.

"உனக்காகத்தான்" என்றார் மாப்பிள்ளை. "இனி ஸ்கூல்ல யார் ஓட்டினாலும் வண்டி நிக்காது. சும்மா அப்படிப் போகும்."

"எனக்காகவா" என்றாள். அவள் திட்டியிருந்தால் அந்த மனிதர் சந்தோஷப்பட்டிருப்பார். பதிலுக்குப் பேச ஒரு டர்போ அளவுக்கு விஷயம் வைத்திருந்தார். கழற்ற நேரமில்லை. விடிந்தால் தலைமை நர்ஸ் வருகிறாள். "நாளைக்கு நீயும் வா அண்ணா. பின்னாடி உட்காரு" என்றாள் என்னிடம்.

தலைமை நர்ஸ் வெள்ளை உடையில், கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. யாரைப் பார்த்தாலும் நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. ஸ்டியரிங்கில் அவள், பக்கத்தில் தங்கை, பின்னால் நானும் மாப்பிள்ளையும்.

"நான் பல தடவை கத்துக்கிட்டு விட்டுட்டேன்மா. என் கையில வண்டி நின்னு நின்னு போகும்" என்றாள்.

"நிக்கட்டும் மேடம். நின்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணலாம். நிக்காம போனாத்தான் பயம்" என்றாள் தங்கை.

"இனி நிக்காது மேடம்" என்றார் மாப்பிள்ளை பின்னாலிருந்து. "டர்போ போட்டிருக்கோம்."

கிளட்ச்சை விட்டாள். நின்றது.

தடித்த கேஸ்கெட் போட்டதில் உள்ளே அழுத்தம் குறைந்து, இஞ்சினுக்கு இருந்த கொஞ்சநஞ்ச இழுவையும் போயிருந்தது. டர்போ ஓட்டத்தில்தான் சக்தி கொடுக்கும். கிளம்புகிற நேரத்தில் தூங்கும். ஆக, எந்த வியாதிக்கு மாப்பிள்ளை மருந்து வாங்கினாரோ அந்த வியாதி இரட்டிப்பாகியிருந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். நின்றது. மறுபடி. நின்றது.

தங்கையின் முகம் கண்ணாடியில் தெரிந்தது. குரல் மட்டும் மாறவேயில்லை. "பரவால்ல மேடம். கொஞ்சம் கூட மிதிச்சு, மெதுவா விடுங்க."

கொஞ்சம் கூட மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தாள். வண்டி நகர்ந்து தெருவுக்கு வந்தது, சோம்பலாக உருண்டது. வேகம் போதவில்லை என்று இன்னும் அழுத்தினாள். அப்போதுதான் டர்போவுக்கு விழிப்பு வந்தது. முன்னால் எங்கேயோ ஒரு விசில் கிளம்பியது. அதுவரை பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த கார் எதையோ திருடிக்கொண்டு ஓடுகிற மாதிரி பாய்ந்தது. தலைமை நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள். தங்கை தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். தபால் பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் வண்டி குலுங்கி நின்று அணைந்தது.

"கேட்டீங்களா அந்த சவுண்டை?" என்றார் மாப்பிள்ளை என் காதில்.

இப்படியே தெருவைச் சுற்றினோம். தூங்கும், பாயும், பிரேக், அணையும். ஒவ்வொரு தடவை அணையும்போதும் நான் டர்போவின் ஆயுளை எண்ணிக்கொண்டிருந்தேன். டர்போவின் தண்டு ஆயிலில் மிதந்துதான் சுற்றுகிறது. இஞ்சின் ஓடினால்தான் ஆயில் வரும். நன்றாகச் சூடேறிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது இஞ்சினைப் பட்டென்று அணைத்தால் ஆயில் நின்றுவிடும். உள்ளே தங்கிய ஆயில் சட்டியில் தீய்ந்த மாதிரி கரியாகிவிடும். டர்போ வைத்திருக்கிறவர்கள் அதனால்தான் வீடு சேர்ந்ததும் வண்டியைச் சற்று ஓடவிட்டு ஆறவைத்து அணைப்பார்கள். உலகத்தில் எந்த வண்டிக்கு வேண்டுமானாலும் டர்போ போடலாம். நாள் முழுக்க, ஆள் மாற்றி ஆள், சூட்டோடு சூடாக அணைத்துக்கொண்டே இருக்கிற வண்டி என்று ஒரே ஒரு ஜாதி உண்டு. அதன் முன்னாலும் பின்னாலும் பெரிய சிவப்பு எழுத்தில் எழுதியே தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைத் தேடிப் பிடித்துப் போட ஒரு தனி மூளை வேண்டும், அது எங்கள் குடும்பத்துக்கு வாய்த்திருந்தது.

ஸ்கூல் வாசலுக்குத் திரும்புகிற வளைவில் விசில் கிறீச்சாக மாறியது. பிறகு உள்ளே ஏதோ சில்லறை கொட்டின மாதிரி சத்தம். பின்கண்ணாடியில் தெரு காணாமல் போனது, நீலப்புகை. மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார், பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

தலைமை நர்ஸ் ஸ்டியரிங்கை விட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "என்னாலதான் வண்டி போச்சா?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும், தங்கைக்கும் தெரியும். தப்பை ஏற்றுக்கொள்ள ஒரு ஆள் தானாகவே முன்வந்திருக்கிறாரே. ஆமாம் என்று சொன்னால் மாப்பிள்ளை பிழைப்பார், நர்சுகள் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

"இல்ல மேடம்" என்றாள் தங்கை, அவர் பேசுவதற்கு முன்னால். "உங்க மேல தப்பு இல்ல. கத்துக்க வர்றவங்க வண்டியை நிறுத்தத்தான் செய்வாங்க. இதுல தேவையில்லாம ஒண்ணு கூடுதலா இருக்கு. அதைக் கழட்டணும்."

தலைமை நர்ஸ் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தாள். "சாமானா, ஆளா?"

"முதல்ல சாமான்" என்றாள் தங்கை.

மாப்பிள்ளை, "இது நார்மல் மேடம், செட்டாகிற வரைக்கும் கொஞ்சம் புகை வரும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார்.

"டாக்டர் நார்மல்னு சொன்ன எத்தனையோ பேருக்கு நான் முகத்தை மூடி அனுப்பியிருக்கேன் தம்பி." இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினாள். பிறகு தங்கையிடம்: "வண்டி பாயுறப்பகூட உன் குரல் ஏறலம்மா. என் பொண்ணுங்களுக்கு அது போதும். திங்கட்கிழமை அனுப்புறேன். ஆனா பழைய வண்டியாத்தான் நிக்கணும். இது இப்படியே நின்னா, பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிடுவோம்."

மாப்பிள்ளை டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டரின் முதல் கேள்வி: "என்ன ஆயில் ஊத்தினீங்க?" மாப்பிள்ளை சொன்னார். "அதான்" என்றான் அவன். எந்த ஆயிலைச் சொல்லியிருந்தாலும் அதான். இந்த வியாபாரத்தில் நான் எத்தனையோ செத்த டர்போக்களைப் பார்த்திருக்கிறேன். விற்றவன் ஆயில் சரியில்லை என்பான். மாட்டியவர் சாமான் சரியில்லை என்பார். வாங்கியவர் பெட்ரோல் சரியில்லை என்பார். மூன்று பேரும் சேர்ந்து, பாவம், ஓட்டின ஆளைப் பார்ப்பார்கள்.

அடுத்து, சனிக்கிழமை, மெக்கானிக்கிடம் ஓடினார், பழைய மேனிஃபோல்டு கேட்டு. அவர் என் கடையைக் கைகாட்டியிருக்கிறார்.

வந்தார். ஒரு சாமான் கட்டாயம் வேண்டும் என்கிறவன் முதலில் வேறு மூன்று சாமானை விலை கேட்பான். நான் தொட்டில் பருவத்திலிருந்து பார்க்கிற நாடகம். மாப்பிள்ளையும் அதைத்தான் செய்தார். வைப்பர் பிளேடு என்ன விலை, ரப்பர் பாய் என்ன விலை என்றார். கடைசியில் கொட்டாவி விட்டபடி, "அந்த மூலையில ஏதோ துருப்பிடிச்ச இரும்பு கிடக்கே, அது என்ன மச்சான்?"

"அதுவா? கதவு காத்துல அடிக்காம இருக்க முட்டுக் கொடுத்திருக்கேன்."

"என்ன விலை போடுவீங்க?"

"பணத்துக்குக் கொடுக்கிறதா இல்ல."

"பின்ன?"

"டர்போ ஏன் வாங்கினீங்கன்னு சொல்லுங்க. சொல்ற காரணம் கட்டுப்படியானா எடுத்துட்டுப் போங்க."

முறைத்தார். வெளியே காரின் அடியில் மெக்கானிக் ஆயில் துளையை அடைத்துக்கொண்டிருந்தார். தங்கை பக்கத்தில் குனிந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"பெட்ரோல் மிச்சமாகும்னு."

"கட்டாது."

"வண்டியை வித்தா நல்ல விலை போகும்."

"அதைவிடக் குறையுதே மாப்பிள்ளை. ஏத்திக் கேளுங்க."

"ஸ்கூலுக்கு ஒரு பேர் வரட்டும்னு. ஊர்ல எந்த ஸ்கூல்ல டர்போ இருக்கு?"

"எந்த மீன்கடையில பியானோ இருக்கு? ஏத்துங்க."

"அவளுக்கு ஒரு சந்தோஷம்."

"பாதி வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம்."

கவுண்டரில் கிடந்த நட்டை உருட்டிக்கொண்டே இருந்தார். அது கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிர நேரமெடுத்துக்கொண்டார். கவுண்டருக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"என் காலு மச்சான்."

"எந்தக் காலு?"

"இடது காலு. விட வரல. மெதுவா விடணும்னு தெரியுது, வரல. ஒவ்வொரு தடவையும் டெஸ்ட்ல நின்னு போகும். அவ ஒரு வார்த்தை சொல்லமாட்டா. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சொல்ற மாதிரி 'பரவால்ல'ன்னு சொல்லுவா. அதே குரல்ல. நான் என்ன, ஸ்கூல்ல சேர வந்தவனா?" நட்டோடு எழுந்தார். "இஞ்சினுக்கு சக்தி வந்தா காலு எப்படி விட்டாலும் போயிடும்னு நினைச்சேன்."

நான் மேனிஃபோல்டை எடுத்துப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். சிரிக்கவில்லை. வியாபாரம் முடிந்த பிறகு வாங்கினவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். செத்த டர்போவையும் நானே எடைக்கு எடுத்துக்கொண்டேன். பிறகொரு நாள் டாக்டர் பஸ்ஸில் வந்து இறங்கி அதை என்னிடமே விலைக்குக் கேட்டான், ஒரு பெண்மணி பக்குவமாக ஓட்டின சாமானாமே என்று. நான் கொடுக்கவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுக்க இப்போது அதுதான் இருக்கிறது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

திங்கட்கிழமை நர்சுகள் வந்தார்கள், வெள்ளை உடையும் கலகலப்புமாக. கார் பழையபடி நின்றது. எல் போர்டு தன் இடத்துக்கு வந்திருந்தது. ஸ்டிக்கரை மட்டும் உரிக்க முடியவில்லை; கிட்டில் நிஜமாகவே உறுதியானது அது ஒன்றுதான். ஒருத்தி மாற்றி ஒருத்தி வண்டியை அணைத்தார்கள், கார் ஒவ்வொரு முறையும் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆனது.

மதியத்துக்குள் தலைமை நர்ஸ் மாப்பிள்ளையையும் வரிசையில் நிறுத்திவிட்டாள். லைசென்ஸ் இல்லாத விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது; தங்கையைக் கேட்டால் அவளுக்கும் தெரியாதாம். பின் சீட்டில் தலைமை நர்சும் இரண்டு பெண்களும். ஸ்டியரிங்கில் மாப்பிள்ளை. பக்கத்தில் தங்கை.

நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். கிளட்ச்சை விட்டார். ஒரு குலுக்கு. நின்றது.

மைதானமே காத்திருந்தது. சனிக்கிழமை என் கவுண்டருக்கு அடியிலிருந்து அவ்வளவு சிரமப்பட்டு வெளியே வந்த உண்மை, இப்போது ஒரு தடவை சத்தமாக வந்தால் போதும். மாப்பிள்ளை சன்னல் வழியே தலையை நீட்டித் தரையைப் பார்த்தார்.

"இங்க கொஞ்சம் மேடா இருக்கு" என்றார்.

நானும் நல்ல வியாபாரிதான். அந்த உண்மையை விலையாக வாங்கும்போது உத்தரவாதம் கேட்கத் தோன்றாமல் போயிற்றே.

"மேடெல்லாம் இல்ல" என்றாள் தங்கை. பரவால்ல என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அவள் குரல் ஒரு படி ஏறியிருந்தது. "காலு. ஸ்டார்ட் பண்ணுங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, யாரோ தன்னை ஒருவழியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினார்.